தாழிக்குள்ளிருந்து நீண்ட கை

எந்த நாடு, எந்தக் காலம் என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. உயிரோடிருந்த ஓர் அரசர், செத்துப்போன அரசர்களின் காசுகளுக்கு ஆலாய்ப் பறந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் தும்பிராயர்.

அரண்மனைக்கு வரும் பழங்காசுகளைப் பார்த்துத் தரம் சொல்ல நாகலிங்கம் என்று ஒரு வண்ணக்கர் இருந்தார். பத்துக்கு எட்டேகால், பத்துக்கு ஒன்பதரை என்று கால் அரை வரைக்கும் சொல்லுவார். சொன்னதும் காசைச் செப்புச் சிமிழில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, மேலே தரத்தைப் பொறித்துவிடுவார். அதன்பிறகு அந்தச் சிமிழை ஒருவரும் திறக்கக் கூடாது. அரசரே திறக்கமாட்டார். மேலே இருக்கும் எழுத்தைத் தடவித் தடவிப் பூரித்துப்போவார். உள்ளே இருப்பது காசா கரப்பான்பூச்சியா, யார் கண்டது? சன்னலே இல்லாத ஓர் அறையில் அந்தச் சிமிழ்கள் அடுக்கியிருந்தன. பல பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது என்று சொல்லி, விளக்கேற்றப் போன வேலைக்காரர்கள் ஏற்றிய கையோடு வெளியே ஓடிவந்துவிடுவார்கள்.

அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து பழைய இடுகாட்டுக் கரையை அரித்துவிட்டது. எந்தக் காலத்திலோ செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் வாயைப் பிளந்துகொண்டு வெளியே தெரிந்தன. ஒவ்வொன்றும் ஆள் உட்காரக்கூடிய அளவு. விறகு பொறுக்கப் போன சடைச்சி என்பவள் ஒரு தாழிக்குள் கையை விட்டு ஒரு பொற்காசை எடுத்தாள். அரண்மனையில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் விகடகவி தாண்டவன். அவள் அவனிடம் கொடுக்க, அவன் நேரே அரசர் கையில் கொடுத்துவிட்டான்.

வினை அங்கேதான் தொடங்கியது. ஏற்கெனவே தாண்டவன் மேல் வண்ணக்கருக்கு வயிற்றெரிச்சல். இப்போது தன்னைத் தாண்டி ஒரு காசு அரசரிடம் போய்விட்டது. பொறுப்பாரா? சபையில் காசை வாங்கி ஒரே ஒரு முறை புரட்டினார்.

"கள்ளக்காசு, அரசே. சிமிழில் வைக்கவும் தகுதியற்றது."

கள்ளக்காசு கொண்டுவந்தவரின் வலக்கையை வெட்டுவது அந்த நாட்டு வழக்கம். சடைச்சியை இழுத்துவந்து நிறுத்தினார்கள்.

"தாழிக்குள்ள கையை விட்டுத்தான் எடுத்தேன் சாமி," என்றாள் அவள். "இந்தக் கை போச்சுன்னா எம்புள்ளைங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?"

தன்னால்தானே இவளுக்கு இந்தக் கதி என்று தாண்டவன் வெந்துபோனான்.

"அரசே, வண்ணக்கர் தவறியிருக்கலாம்."

"தவறுவதா? அப்படியானால் என் அறையில் இருக்கும் அத்தனை சிமிழும் என்ன ஆவது?" அரசர் பதறினார். "இது தாழியிலிருந்து வந்த காசு என்றால், வந்தது போலவே என் கண்ணெதிரில் மறுபடியும் வரட்டும். வராவிட்டால் அவள் கையோடு உன் கையும் போகும்."

"உத்தரவு. நாளை பொழுது சாயும் நேரத்தில் இடுகாட்டுக்கு எழுந்தருள வேண்டும். வண்ணக்கரும் வர வேண்டும். அதுவரை இந்தக் காசு என்னிடம் இருக்கட்டும். இவளுக்கும் நானே பிணை."

மறுநாள் ஆற்றங்கரையில் பனி இறங்கியிருந்தது. பல்லக்குத் தூக்கிகள் ஒரு தீப்பந்தத்தை நட்டுவிட்டுத் தூரப் போய்விட்டார்கள். அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஒரே சமயத்தில் ஓய்ந்தன. கரையில் பாதி புதைந்திருந்த தாழிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு ஒரு கை வந்தது. ஈர மண் அப்பிய கை. நகமெல்லாம் கறுப்பு. இரண்டு விரலுக்கு நடுவே ஒரு பொற்காசு மின்னியது. அரசர் தம்மை அறியாமல் கும்பிட்டுவிட்டார். எனக்கே இதைச் சொல்லும்போது முதுகு சில்லிடுகிறது.

"தரம் சொல்லுங்கள், வண்ணக்கரே," என்றான் தாண்டவன்.

"பத்து," என்றார் நாகலிங்கம். பல் கிட்டியது அவருக்கு. "குறையே இல்லாத பத்து."

கை உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் காசோடு நீண்டது. எல்லாவற்றுக்கும் பத்து கொடுத்தால் வண்ணக்கருக்கு என்ன மதிப்பு? பழைய மிடுக்கை வரவழைத்துக்கொண்டார்.

"இது ஏழேகால். விளிம்பு தேய்ந்திருக்கிறது."

மூன்றாம் முறை அந்தக் கை அவர் மூக்குக்கு நேராக வந்து அசையாமல் நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஒன்பதரை" என்றார்.

அரசருக்குப் பயத்தைவிட ஆசை பெரிதாகிவிட்டது. அங்கவஸ்திரத்தைத் தாழியின் வாயருகே விரித்தார்.

"பெரியவரே, மூன்று காசையும் அடியேனுக்கே அருள வேண்டும்."

ஒரு காசு விழுந்தது. அவர் காத்திருந்தார். கை தன் வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டியது.

"மற்ற இரண்டும் எங்கே?"

"இருந்ததே ஒன்றுதான், அரசே," என்றான் தாண்டவன். "நேற்றுக் கள்ளக்காசு. இன்றைக்குப் பத்து, ஏழேகால், ஒன்பதரை. நேற்று வண்ணக்கர் என் முகத்தைப் பார்த்துத் தரம் சொன்னார். இன்று பயத்தில் சொன்னார். காசை அவர் இன்னும் பார்க்கவே இல்லை."

அரசர் காசைத் தீப்பந்தத்தில் காட்டிப் பார்த்தார். முதலில் தாண்டவனிடம் தாமே வாங்கி உருட்டிப் பார்த்த அதே காசு. வண்ணக்கர் தலை கவிழ்ந்துவிட்டது. அரசர் வாய்விட்டுச் சிரித்தார். வாய் பிளந்து கிடந்த தாழிகளுக்குள்ளும் அந்தச் சிரிப்பு போய்த் திரும்பியது. சிரித்தபடியே தம் மோதிரத்தைக் கழற்றி, நீட்டியிருந்த விரலில் போடப் போனவர் சட்டென்று நின்றார்.

"கை சூடாக இருக்கிறதே?"

"இன்னும் வெட்டவில்லையே, அரசே. வந்தது போலவே வரட்டும் என்றீர்கள். அதே தாழி, அதே காசு, அதே கை."

"காலு மரத்துப்போச்சு சாமி," என்றது தாழிக்குள்ளிருந்து சடைச்சியின் குரல். "வெளிய வரலாமா?"

அரசர் மோதிரத்தைப் போட்டுவிட்டு, அந்தக் கையைப் பிடித்து அவளைத் தாமே வெளியே தூக்கிவிட்டார்.