ஒரே வீட்டின் இரண்டு கட்டிகள்

ஒரு வீட்டில் இரண்டு கட்டிகள் குடியிருந்தன. மூத்தது தமயந்தியின் மார்பில். இளையது, அவள் வளர்த்த மைனா என்ற நாயின் அடிவயிற்றில், பால்காம்பை ஒட்டி.

மத்தியானம் சாப்பிட்டதும் தமயந்தி பாயை விரிப்பாள். மைனா அவள் பக்கத்தில் வந்து சுருண்டுகொள்ளும். மின்விசிறி சுற்றச் சுற்ற வீடே தூக்கத்தில் மிதக்கும். கட்டிகள் பேசிக்கொள்வது அப்போதுதான்.

மூத்தது ஓயாமல் தன் பெருமையைச் சொல்லும். குளிக்கும்போது தமயந்தி ஒருமுறை அதைத் தொட்டாளாம், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாளாம். புருஷனிடம் சொல்லவில்லை, கூடப்பிறந்தவளிடமும் மூச்சு விடவில்லை. இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கப்பட யாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று கேட்கும்.

இளையதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மைனாவைத் தடவிக்கொடுத்தபோது தமயந்தியின் விரலில் அது தட்டுப்பட்டது. மறுநாளே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நாய்க்கு ஒன்று என்றால் பதறுகிறவள், தனக்கு என்றால் வாயைத் தைத்துக்கொள்கிறாள். நம் வீடுகளில் இதற்குப் பொறுமை என்று பெயர். எனக்குக் கோபம்தான் வருகிறது.

“அக்கா, என்னைக் கூட்டிட்டுப் போறாங்க,” என்றது இளையது.

“போய்ட்டு வா. என்னை யாரும் தேடி வரமாட்டாங்க,” என்றது மூத்தது.

இளையது திரும்பி வரவில்லை. கால்நடை மருத்துவமனையில் டாக்டர் யாஸ்மின் அதை அறுத்தெடுத்தார். மெல்லிய சீவலாக அது ஒரு கண்ணாடித் துண்டில் ஏறியது.

தையல் பிரிக்க மைனாவோடு வந்த தமயந்தி, அது என்னதான் என்று கேட்டாள். டாக்டர் அவளை நுண்ணோக்கியின் முன்னால் உட்காரவைத்தார். கண்ணை வைத்ததும் அறையின் சத்தமெல்லாம் எங்கோ தள்ளிப் போனது. ஊதாவும் ரோஜா நிறமுமாக ஓர் ஊர் விரிந்து கிடந்தது. அவள் அதற்குள் மெல்ல நடந்து போவதுபோல் இருந்தது.

அவள் மார்புக்குள்ளிருந்த மூத்தது லென்ஸிடம் கேட்டது: “அது நாயோடதுதானே? நாங்க வேற வகை, இல்லையா?”

“எனக்கு வாலும் தெரியாது, சேலையும் தெரியாது,” என்றது லென்ஸ். “அடக்கமில்லாம வளர்ந்ததுதான் தெரியும். எல்லாம் ஒண்ணுன்னு சொல்லமாட்டேன். ஆனா ரெண்டு பக்கமும் நிறைய ஒத்துப்போகுது. நீ யாருன்னு பார்த்தாத்தான் சொல்லமுடியும். உன்னைத்தான் இன்னும் யாரும் காட்டலையே.”



“சின்னதா இருக்கும்போதே கூட்டிட்டு வந்தீங்க, அதான் மைனா தப்பிச்சா,” என்றார் டாக்டர். “பொம்பளைங்களுக்கு வர்றதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதாம்மா. அதனாலதான் இதை எடுத்துவெச்சு ஆராய்ச்சி பண்றோம். இதுல தெரியுறது அங்கயும் உதவுது.”

தமயந்தி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் சொல்ல வராது என்று அவளுக்குத் தெரியும்.

“எனக்கும் ஒண்ணு இருக்கு டாக்டர்,” என்றாள்.