எல்லா வாசலுக்கும் ஒரே பிசின்

குளத்தங்கரைப் புற்றில் கட்டெறும்புகள் குடியிருந்தன. புற்றுக்கு மூன்று வாசல், வாசலுக்கு ஒரு காவல்காரி. ஒருத்திக்கு மழை மட்டும்தான் தெரியும். ஒருத்திக்கு இரை மட்டும். இன்னொருத்திக்குப் பகை மட்டும். வெளியே இருப்பது உள்ளே வரவே வேண்டாம். மீசையில் பட்டால் போதும், காவல்காரி காலால் தட்டுவாள். அதைக் கேட்டுப் பத்துப் பேர் தட்ட, பத்துக்கு நூறு பேர் தட்ட, புற்றே எழுந்து ஓடும்.

அந்த வருஷம் மழைக்காவல்காரிக்கு என்ன வந்ததோ, பனித்துளி பட்டாலே தட்டினாள். உடனே முட்டைகளை மேலே தூக்கு, கீழே இறக்கு! முட்டை பார்க்கும் கருப்பாயிக்கு முதுகு ஒடிந்தது. அதுகூடப் பரவாயில்லை. முட்டைகள் வெயில் பட்டுச் சுருங்கிச் செத்தன. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ராணி ஓணான் வைத்தியரை அழைத்தாள். பெரிய வைத்தியராம். எதைச் சொன்னாலும் தலையாட்டுவாராம்.

"மழைவாசலில் மட்டும்தான் கோளாறு, வைத்தியரே!" என்றாள் கருப்பாயி.

"எந்த வாசல் என்று பார்ப்பவன் சின்ன வைத்தியன்! என் மருந்து எல்லா வாசலுக்கும் கேட்கும்!"

மூன்று பேர் மீசையிலும் வேப்பம்பிசினை அப்பினார். புற்றில் ஒரு தட்டுச் சத்தமில்லை. ராணி பூரித்துப்போய் 'வைத்திய சிங்கம்' என்று பட்டம் கொடுத்தாள்.

மறுநாள் இரைவாசலில் மாம்பழம் விழுந்து அழுகியது. யாருக்கும் தெரியவில்லை. "பசிக்குதே!" என்று அழுத குஞ்சுகளிடம், "பத்தியம்டா, கண்ணு!" என்றார்கள்.

அப்புறம் பகைவாசலில் ஒரு நாக்கு நுழைந்தது. முட்டைகளை வழித்துக்கொண்டு போனது. "மருந்து நல்லா பிடிச்சிருக்கு!" என்று வெளியே ஒரு குரல்.

"ராணியம்மா! வைத்தியர் நம்ம பிள்ளைகளைத் தின்கிறார்!"

"சிங்கம்னா சாப்பிடத்தான் செய்யும். சும்மா இருடி!"

கருப்பாயி சும்மா இருக்கவில்லை. பகைக்காவல்காரியின் மீசையிலிருந்த பிசினைக் கடித்துக் கடித்துச் சுரண்டினாள். மீசை அசைந்தது. ஒரு தட்டு! பத்துத் தட்டு! நூறு தட்டு! படை திரண்டு நாக்கில் தொங்கியது. சிங்கம் வாலைத் தூக்கிக்கொண்டு வேலியேறி ஓடியது.

பிறகு இரைக்காவல்காரியின் பிசினையும் எடுத்தாள். மழைக்காவல்காரிக்கு மட்டும் ஒரு மீசையில் கொஞ்சம் விட்டுவைத்தாள். அன்றுமுதல் பனிக்கு அவள் அசையவில்லை; மழைக்கு அசைந்தாள். மிஞ்சிய முட்டைகள் பொரிந்தன.

கெட்டுப்போன வாசல் எது என்று பாராமல் எல்லா வாசலையும் அடைக்கிற மருந்து, நோயை விட்டுவிட்டு வீட்டைத்தான் கொல்லும்.