செருப்பை யார் கழற்றுவது?

கட்டாரிப் பாளையத்து நாயக்கருக்குச் செருப்பு விஷயத்தில் மட்டும் விளையாட்டே கிடையாது. அரண்மனை வாசலில் சாமி வந்தால் நாயக்கர் தம் செருப்பைக் கழற்றுவார். மனுஷன் வந்தால், வருகிறவன் கழற்ற வேண்டும். அதுதான் அங்கே வழமை.

அந்த வருஷம் வேதக்காரர்கள் முதன்முதலாக அந்த வாசல் வழியே சப்பரம் இழுத்து வந்தார்கள். மேலே இயேசுநாதர் சுரூபம். காலில் செருப்பு, அதுவும் காலோடு சேர்த்தே செதுக்கியது! வருகிறவர் சாமியா மனுஷனா என்று நாயக்கர் கேட்டார். அவர்களுடைய உபதேசியார் மரியசூசை ஒளிக்காமல் சொன்னார்: முழுச் சாமி, முழு மனுஷன், ஆனால் ஆள் ஒருவர்தான். சிநேகிதன் செத்ததற்கு அழுததும் அவரே, அந்தச் சிநேகிதனை உயிரோடு எழுப்பினதும் அவரே.

நாயக்கருக்குத் தலை சுற்றியது. அப்படியானால் செருப்பை யார் கழற்றுவது? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகத் தளவாய் யோசனை சொன்னார். சுரூபத்தை நெட்டுக்கு அறுத்துவிடலாம். சாமிப் பாதி செருப்போடு போகட்டும், மனுஷப் பாதியின் செருப்பைச் செதுக்கி எடுத்துவிடலாம். நாயக்கரும் தலையாட்டிவிட்டார். ஆசாரி ரம்பத்தோடு வந்து, எது எந்தப் பாதி என்று பவ்வியமாகக் கேட்டார். ஊரே பிடியரிசி சேர்த்துச் செய்த சுரூபம். மரியசூசை அதைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அரண்மனை விகடகவி சுருளாண்டிக்கு அது பொறுக்கவில்லை. நேரே போய் நாயக்கரின் கால் கட்டைவிரலை ஓங்கி மிதித்தான். நாயக்கர் குதித்த குதியில் சபையே எழுந்து நின்றது.

"ஐயோ, என்னை மிதிச்சுட்டான்!"

"தங்களையா? உடம்பைத்தான் மிதித்தேன், மகாராஜா. உயிரின் பக்கமே நான் போகவில்லை."

"உடம்பு வேறே, நான் வேறேயாடா? விரலை மிதிச்சா என்னை மிதிச்சதுதான்."

"உயிருக்கு விரல் கிடையாது. உயிர் போன உடம்புக்கு வலி கிடையாது. ரெண்டும் ஒரே ஆளாக இருக்கப்போய்த்தானே 'என்னை' என்றீர்கள்? உபதேசியாரும் அதைத்தான் சொல்கிறார். அந்தச் சாமியை எங்கே அறுத்தாலும் பாதிக்கு வலிக்காது, அந்த ஒரே ஆளுக்குத்தான் வலிக்கும்."

நாயக்கர் ஆசாரியைப் போகச் சொன்னார். பிறகு, புத்தி சொன்ன வாய்க்குப் பொற்கடகம், மிதித்த காலுக்குக் கசையடி என்று தீர்ப்பளித்தார்.

"வாயும் காலும் ஒரே ஆள், மகாராஜா. கடகம் போட்டவனையா அடிப்பீர்கள்?"

நாயக்கர் வலியோடு சிரித்தார். தளவாய் மட்டும் விடவில்லை. அதெல்லாம் சரி, இப்போது செருப்பை யார் கழற்றுவது என்று மறுபடி ஆரம்பித்தார்.

நாயக்கர் கீழே பார்த்தார். கட்டைவிரல் பணியாரமாக வீங்கியிருந்தது. குதித்த குதியில் ரெண்டு செருப்பும் எங்கோ பறந்திருந்தன.

"இனிமேல் கழற்ற என்னய்யா இருக்கு? சப்பரத்தைப் போக விடுங்க" என்றார்.