நிழல் விழாத ஆள்

அருணகிரிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவருடைய குரு எஸ்தருக்கு அதில் பாதியை விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

அருணகிரி வேலூரில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருந்தவர். திரையில் வரைந்த மாளிகைக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்து, "மூச்சு விடாதீங்க" என்று சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தார். அது அலுத்துப்போய் மதராசுக்கு வந்தார்.

எஸ்தர் ஜெர்மனியில் போட்டோ கலை கற்றுத் திரும்பியிருந்தாள். தெருவை மொட்டை மாடியிலிருந்து பிடிப்பாள். படிக்கட்டைக் கீழே படுத்துக்கொண்டு பிடிப்பாள். அவள் படங்களில் முகமே இருக்காது. கோடும் வட்டமும் நிழலும்தான். ஊர் சிரித்தது. அருணகிரி மட்டும் சிரிக்கவில்லை.

வந்த அன்றே அவர் கேட்டார்.

"அம்மா, புதுப் பார்வைன்னா என்ன?"

எஸ்தர் கேமராவின் பின்பக்கக் கண்ணாடியைக் காட்டினாள். அதில் தெரு தலைகீழாகத் தெரிந்தது.

"என்ன இருக்கு?"

"ஒரு ஜட்கா வண்டிக்காரன். கூடைக்காரி ஒருத்தி."

"இன்னும் பாருங்க."

கேமராவை மூடிய கருப்புத் துணிக்குள் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப?"

"ஒரு சக்கரம். ஒரு வட்டம். குறுக்கே ரெண்டு கோடு."

"கத்துக்கிட்டீங்க," என்றாள் எஸ்தர்.

இவ்வளவு சுலபமாக அதை யாரும் கற்றுக்கொள்ளக் கூடாது. அவர் கற்றுக்கொண்டார்.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு மில்லில் காலண்டருக்குப் படம் கேட்டிருந்தார்கள். அருணகிரி அங்கே போன அன்று காலை மில் வாசலில் வேலைநிறுத்தம். அவர் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்கு ஏறி, கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கருப்புத் துணிக்குள் புகுந்துகொண்டார். கீழே போலீஸ் தடியடி ஆரம்பித்தது. கூச்சல் அவருக்கும் கேட்டது. ஆனால் கண்ணாடியில் தெரிந்ததோ வேறு. இளவெயிலில் ஒவ்வொரு தலைக்கும் ஒரு நீள நிழல், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் மாதிரி எல்லாம் ஒரே சாய்வில். அவர் படத்தை எடுத்தார்.

முதல் பிரதியைப் பார்த்ததும் எஸ்தர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"என்னால இப்படி எடுக்க முடியாது," என்றாள்.

பிறகு சிவப்புப் பென்சிலால் ஓர் இடத்தில் வட்டம் போட்டாள்.

"இங்க மட்டும் நிழல் இல்ல. வெள்ளையா என்னமோ கோணலாக் கிடக்கு. இந்தக் கறை படத்தையே கெடுக்குது."

"சுரண்டிடறேம்மா."

எத்தனையோ கல்யாணப் பெண்களின் அம்மைத் தழும்பை மறைத்த கை அது. கண்ணாடி நெகட்டிவைக் கத்தி முனையால் சுரண்டினார். கறை இருந்த சுவடே இல்லை. கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முன்னால் கூட்டம் நின்றது. சிரித்தவர்களும் வந்து பார்த்தார்கள். மில்காரர்கள் பெரிதாக ஒரு பிரதி வாங்கித் தங்கள் ஆபீசில் மாட்டினார்கள்.

சில வாரம் கழித்து எஸ்தரின் ஸ்டுடியோவுக்கு ஒருத்தி வந்தாள். பெயர் பாக்கியம். அந்த மில்லில் தறி ஓட்டிய எத்திராசுவின் மனைவி.

"தடியடி அன்னிக்குப் போனவரும்மா. இன்னும் வரல. ஆஸ்பத்திரில இல்ல, ஜெயில்லயும் இல்ல. மில்லுல கேட்டா, அவன் அன்னிக்கு வரவே இல்ல, ரங்கூனுக்கு ஓடிட்டான்றாங்க. உங்க படத்தக் காட்டி, 'நல்லாப் பாரு, எல்லாரும் நின்னுக்கினுதானே கீறாங்க, எவன் வுழுந்தான்'னு கேக்கறாங்க."

அவள் தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இத்த வெச்சுக்கறதா அழிக்கறதான்னு தெரியல. மாமியா ஒண்ணு சொல்றா, எங்கம்மா ஒண்ணு சொல்றா. வேற படம் எதுனா இருக்குமா? அவருக்கு இடது கை நீட்ட வராது, மிசின்ல மாட்டி மடங்கிப்போச்சு. அத்த வெச்சே கண்டுபுடிச்சிருவேன்."

அருணகிரி உள்ளே போய்விட்டார். எஸ்தர் பின்னாலேயே வந்தாள். அவர் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார்.

"நெகட்டிவ்ல ஒண்ணும் மிச்சம் இல்லம்மா. இந்தக் கையாலதான் சுரண்டினேன். கூச்சல் கேட்டுது. தலையை வெளிய எடுத்து ஒரு தடவை பார்த்திருக்கலாம்."

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதுக்கு? முதல் பிரதி என்கிட்ட இருக்கு."

மேஜை இழுப்பறையைத் திறந்து எடுத்தாள். சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. அருணகிரி அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வட்டத்தோடயா குடுக்கறது? அந்தப் பொண்ணு கேட்டா என்னம்மா சொல்றது? ரப்பர் போட்டா போயிடும்."

எஸ்தர் படத்தோடு வெளியே வந்தாள். அவரும் வந்தார்.

பாக்கியம் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் கோடு கோடா கீதே. மனுசங்க எங்கம்மா?"

"கருப்பா நீளமா இருக்கறது நிழல். அதோட முனையில புள்ளி மாதிரி இருக்கே, அது தலை."

"இந்த வட்டத்துக்குள்ள கீறதுக்கு நிழலே காணோம்?"

"படுத்திருக்கறவங்களுக்கு அப்படி நிழல் விழாதும்மா."

எஸ்தர் பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். பாக்கியம் குனிந்தாள். மண்ணில் மல்லாந்து ஒரு வெள்ளை வேட்டி. நெஞ்சின் மேல் மடங்கிய ஒரு கை.

"அவருதான்."

அவள் கதறவில்லை. முந்தானையை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்தாள். குங்குமம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் எஸ்தரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அம்மாம் பெரிய கூட்டத்துல அவரக் கண்டுக்கினது நீ ஒருத்திதாம்மா. வட்டம் போட்டு வேற பத்திரமா வெச்சிருந்திருக்கே. நீ நல்லா இருக்கணும் தாயி."

அருணகிரி பாக்கியத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று எஸ்தரைப் பார்த்தார். சும்மா இருந்துவிடுங்கள் என்று அவர் கண் கெஞ்சியது.

எஸ்தர் தன் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

"அதுக்காகப் போட்ட வட்டம் இல்லம்மா. இந்தக் கறையை அழிச்சுடுங்கன்னு இவருக்குக் காட்டறதுக்குப் போட்டேன்."