உள்ளே வைத்த நோடு

வங்கி வேலையை விட்டுவிட்டு, நாற்பது தாண்டிய பிறகு மென்பொருள் கற்க வந்தவர் சொரிமுத்து. அவருக்குக் குரு ஹெலன். அவருடைய கடைசித் தங்கையைவிட இளையவள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ரத்த வங்கிகளின் குளிர்பெட்டிகளைக் கவனிக்கும் வெப் சர்வீஸ்கள் அவர்கள் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு சர்வீஸ். அவற்றை மேற்பார்த்து அலுவலகத்துக்கு விடாமல் சேதி அனுப்பும் நோடு என்ற சின்ன நிரலை, அந்தந்த சர்வீஸுக்குள்ளேயே ஓடும் சர்வ்லெட் கன்டெய்னரில், அதாவது நிரலை ஏற்றி ஓட்டும் கூட்டில், வைக்கச் சொன்னாள் ஹெலன்.

சொரிமுத்துவுக்கு மனம் ஒப்பவில்லை. மேற்பார்க்கிறவன் தள்ளி இருப்பதுதான் முறை என்று நினைத்தார். அலுவலகத்தில் தனி சர்வரில் வைத்தார். அவளிடம் சொல்லவும் இல்லை.

ஒரு காலையில் மலையடி ஆஸ்பத்திரியின் சர்வீஸ் நின்றுபோனது. குளிர்பெட்டி சூடேறியது யாருக்கும் தெரியவில்லை. சொரிமுத்துவின் நோடு, கடைசியாகக் கேட்ட நல்ல சேதியையே காட்டிக்கொண்டிருந்தது. இருந்த ரத்தமெல்லாம் வீணானது. பிரசவத்தில் உதிரம் நிற்காத ஒரு பெண்ணுக்கு, நகரத்திலிருந்து ரத்தம் வந்துசேர மதியமாகிவிட்டது.

நடந்ததைச் சொரிமுத்துவே சொன்னார். ஹெலன் திட்டவில்லை. "வாங்க அண்ணாச்சி" என்று அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். வார்டு வாசலிலேயே நின்றாள்.

"அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

சொரிமுத்து எட்டிப் பார்த்தார். "நிம்மதியாத் தூங்குறாங்க மேடம்."

"பக்கத்துல போங்க."

போனார். கண்கள் மூடியிருந்தன. ஆனால் அவள் தூங்கவில்லை. உதடுகள் அசைந்தன. குனிந்து காதைக் கொடுத்தார்.

"குளிருது" என்றாள்.

நர்ஸைக் கூப்பிட்டார். இன்னொரு போர்வை வந்தது. அவள் நடுக்கம் அடங்கும்வரை கட்டிலருகிலேயே நின்றார்.

அலுவலகம் திரும்பியதும் நோடை எடுத்து, ஒவ்வொரு சர்வீஸின் கன்டெய்னருக்குள்ளும் வைத்தார். ஹெலன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவர் கை நின்றது.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?"

"கேளுங்க."

"உள்ளேயே வச்சா, சர்வீஸ் விழும்போது இதுவும் சேர்ந்து விழுந்துருமே. அப்போ நமக்கு யார் சொல்லுவா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க."

"அப்புறம்?"

"சேதி சொல்லிக்கிட்டே இருந்த நோடு திடீர்னு பேச்சை நிறுத்திரும். எழுந்து போய்ப் பார்க்க அது போதாதா அண்ணாச்சி?"

சொரிமுத்து கடைசி நோடையும் உள்ளே வைத்தார்.