பன்னிரண்டு டன்

கேப்டன் அருமைநாயகம் அன்று மூன்றாவது முறையாக விமானத்தின் வாலை ஓடுபாதையில் தேய்த்தார்.

நல்லவேளை, அது தரையை விட்டு நகராத சிமுலேட்டர். ஆனால் நாளை காலைத் தேர்விலும் இப்படித் தேய்த்தால், ஐம்பத்தாறு வயதில் அவர் பறந்ததெல்லாம் அதோடு சரி.

தவறு ஒன்றேதான். எரிபொருளோடு சேர்த்த எடையை விமானக் கணினி கேட்கும். இவர் எரிபொருளைச் சேர்க்காத எடையைத் தட்டிவிடுவார். பன்னிரண்டு டன் குறைவு என்று நம்பி, கணினி அதற்கேற்ற குறைந்த வேகத்தைக் காட்டும். மனிதர் அந்த வேகத்தில் விமானத்தின் மூக்கைத் தூக்குவார். வால் இடிக்கும். காலையிலிருந்து இதே கூத்து.

பயிற்சியாளர் நிலோஃபர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

அருமைநாயகம் பொரிந்து தள்ளினார். பழைய விமானத்தில் எடைக் கணக்கையெல்லாம் பின் சீட்டிலிருந்து ஃப்ளைட் இன்ஜினியர் சேவியர் சரிபார்ப்பாராம். அந்த மனிதரை இறக்கிவிட்டு இந்தப் பெட்டியை வைத்துவிட்டார்களாம். எதைத் தட்டினாலும் வாங்கிப் போட்டுக்கொள்கிறதாம்.

"இவ்வளவு கணக்கு போடுது. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே, ஏன் மேடம்?"

நிலோஃபர், அருமைநாயகத்தின் பக்கத்தில் துணை விமானியாக உட்கார்ந்திருந்த பவித்ராவிடம் திரும்பினார்.

"அவர் தட்டின எடையைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம்."

"தப்புன்னு தெரிஞ்சுதா?"

"மூணு தடவையும் தெரிஞ்சுது."

அருமைநாயகத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

பவித்ரா தயங்கினாள். பிறகு, வருவது வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"போன வாரம் சொன்னேன் சார். 'உன்னைக் கேட்டேனா'ன்னீங்க."

அருமைநாயகம் அவளைப் பார்க்கவில்லை. கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். அப்போதும் விடவில்லை.

"சேவியரா இருந்தா நான் திட்டினாலும் சொல்லுவார். அந்த சீட்டையே எடுத்துட்டாங்களே."

நிலோஃபர் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்தார். அவருக்கும் பொறுமை போய்விட்டது.

"அவங்க பின் சீட்டைத்தான் எடுத்தாங்க சார். பக்கத்து சீட்டை நீங்க எடுத்துட்டீங்க."