யமலோகத்தில் காற்று மென்மை

குருவுக்கு வயது குறைவு, சீடனுக்கு அதிகம். மீன்வலையை விட்டுவிட்டு, நாற்பது தாண்டி ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழி படிக்க வந்தவன் இன்னாசி. பூங்கோதை அவனை அண்ணே என்பாள். அவன் அவளைக் குருவே என்பான், பாதி கிண்டலாக, பாதி பயமாக.

படகுக்காரர்கள் கைபேசியில் காற்று நிலவரம் பார்க்க அவன் ஒரு செயலி எழுதியிருந்தான்.

"குருவே, வந்து பாருங்க. முந்தியெல்லாம் பக்கம் பூரா சிவப்பு வரியா வரும். இப்ப ஒண்ணுகூட இல்ல."

திரையில் 'காற்று மென்மை' என்றிருந்தது. ஜன்னல் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இதுவா மென்மை?"

"வானிலை நிலையம் சொல்றதுதானே. காலைல என் மச்சான் டென்னிஸ்கூட இதைப் பார்த்துட்டுத்தான் கடலுக்குப் போனான்."

பூங்கோதை உட்கார்ந்தாள். நிரலில் இருந்த நிலையத்தின் இணைய முகவரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'யமலோகம்' என்று எழுதினாள். பொத்தானை அழுத்தினாள்.

காற்று மென்மை.



"எமலோகத்துலயும் காத்து நல்லாத்தான் இருக்கு போல" என்றாள். "பதில் வரலேன்னா என்ன செய்யச் சொன்னீங்க?"

"கடைசியா வந்ததைக் காட்டச் சொன்னேன். பிழை பிழைன்னு காட்டினா கடற்கரையே சிரிச்சுது. அதான் கேட்ச்சுக்குள்ள ஒண்ணும் எழுதல."

கேட்ச் என்பது விழுகிற பிழையைக் கையில் ஏந்தும் இடம். இன்னாசி ஏந்திச் சத்தமில்லாமல் புதைத்திருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

"கடைசிப் பதில் எப்ப வந்துச்சு?"

தேடிப் பார்த்தான். "முந்தாநாள்."

அவள் முகவரியைப் பழையபடி மாற்றினாள். கேட்ச்சின் காலி அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வரி எழுதினாள்: பிழையைச் சொல், அது வந்த வழியைச் சொல், கேட்ட படகைச் சொல்.

ஏற்றியதும், படகுகளின் கேள்விகள் வந்து சேரும் கறுப்புத் திரையில் சிவப்பு வரிகள் எழுந்தன.

"மேலேருந்து படிங்க அண்ணே."

"நிலையம் பதில் தரல. அதைக் கேட்டது நான் எழுதின 'காற்றுக்கேள்'ங்கிற நிரல்துண்டு. அதைக் கூப்பிட்டது 'நிலவரம்காட்டு'ங்கிற துண்டு. அதுவும் நான் எழுதினதுதான். கேட்ட படகு..."

கடைசி வரியில் 'சந்தனமாதா' என்றிருந்தது. டென்னிஸின் படகு.

மறுபடி சிவப்பு வந்தது. மறுபடி சந்தனமாதா. கடலில் யாரோ விடாமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவன் செயலி அவர்களுக்குக் காற்று மென்மை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னாசி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான். 'நிலவரம் கிடைக்கவில்லை. கரைக்குத் திரும்புங்கள்' என்று மாற்றி எழுதினான்.

"ஏத்திட்டேன். இனிமே கேட்டா உண்மையைச் சொல்லும்."

இருவரும் காத்திருந்தார்கள். சிவப்பு வரி வரவில்லை. கறுப்புத் திரை சும்மா சிமிட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் குருவே கேட்க மாட்டேங்கிறான்?"

அவன் டென்னிஸைக் கைபேசியில் கூப்பிட்டான். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது ஒரு பெண்குரல். மறுபடி கூப்பிட்டான். அதே குரல், அதே நிதானம்.

"இதையே சொல்லிட்டிருக்காளே, பாவி!"

"அவளைத் திட்டாதீங்க அண்ணே" என்றாள் பூங்கோதை. "கிடைக்கலேன்னா கிடைக்கலேன்னு சொல்றா. டென்னிஸ் முந்தாநாள் பேசினதை எடுத்து, இப்பப் பேசுற மாதிரி போட்டுக் காட்டலியே."